மிச்சப் பொன்

ஒரு பவுன் என்பது எட்டு கிராம். பிரேசிலில் பரகாத்து என்ற ஊரின் தங்கச் சுரங்கத்தில் அந்த ஒரு பவுனை எடுக்க ஏறத்தாழ 25 டன் பாறையை உடைத்து மாவாக அரைக்க வேண்டும். கணக்கு எளிதுதான். அங்கே ஒரு டன் பாறையில் இருக்கும் தங்கம் சராசரியாக 0.4 கிராம். அதுவும் முழுதாகக் கைக்கு வராது. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், மீதி கழிவோடு போய்விடும். ஆக, ஒரு பவுனுக்கு ஒரு பெரிய டிப்பர் லாரி நிறையப் பாறை. கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் போட்டால் பத்து லாரி.

இவ்வளவு ஏழைப் பாறையை யார் தோண்டுவார்கள் என்று தோன்றும். ஆனால் இதுதான் பிரேசிலின் மிகப் பெரிய தங்கச் சுரங்கம். வருஷத்துக்குச் சுமார் ஆறு கோடி டன் பாறை அரைபடுகிறது, 5 லட்சம் அவுன்ஸுக்கு மேல் தங்கம் வெளியே வருகிறது.

நான் பொறியியல் படித்தவன், சாஃப்ட்வேரில் வேலை. பரகாத்துவை எனக்கு முதலில் தெரியவந்தது செயற்கைக்கோள் படங்கள் வழியாகத்தான். மேலிருந்து பார்த்தால் ஊரின் வடக்கு விளிம்பில், வீடுகள் முடிகிற இடத்திலேயே, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய குழி. அதற்கும் அப்பால் அதே சாம்பல் நிறத்தில் ஏரி போல விரிந்த கழிவுக் குட்டைகள். படத்தை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கினால், சுற்றிலும் காம்பஸ் வைத்து வரைந்தது போலப் பச்சை வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு வயல். நடுவில் ஊன்றிய குழாயைச் சுற்றிக் கடிகார முள் போல நகரும் பாசன எந்திரம் நனைக்கிற அளவுக்குத்தான் அங்கே பச்சை. முள்ளின் நீளம் 500 மீட்டர் என்று வைத்தால் ஒரு வட்டம் கிட்டத்தட்ட 195 ஏக்கர்.

குழி ஒரு பொருளாதாரம், வட்டங்கள் இன்னொரு பொருளாதாரம். சுமார் 94,000 பேர் வாழும் நகராட்சி இந்த இரண்டின் மேல் நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வரலாற்றைப் படிக்கப் படிக்க இரண்டும் ஒரே கதையாகத் தெரிய ஆரம்பித்தது. இந்தப் பாறை ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத பாறை. இந்த மண்ணும் யாருக்கும் வேண்டாத மண். யாருக்கும் வேண்டாததாக இருந்ததால்தான் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அதில் வாழ முடிந்தது. பிறகு ஒரு நாள் அது எல்லோருக்கும் வேண்டியதானது.

1744

பரகாத்து இருப்பது மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில். மாநிலத்தின் பெயருக்கே ‘பொதுச் சுரங்கங்கள்’ என்றுதான் பொருள். ஊருக்குப் பெயர் தந்தது ஆறு. பழங்குடிகளின் துப்பி மொழியில் ‘நல்ல ஆறு’. கிழக்கே ஓடி, வடகிழக்குப் பிரேசிலின் உயிர்நாடியான சாவோ ஃபிரான்சிஸ்கோ ஆற்றில் கலக்கிறது.

1690களில் மினாஸில் தங்கம் கிடைத்ததும் போர்ச்சுகலில் இருந்தும் பிரேசிலின் கடற்கரை ஊர்களில் இருந்தும் கூட்டம் உள்நாட்டுக்குப் பாய்ந்தது. ஓரோ பிரேட்டோ போன்ற நகரங்கள் மலைச்சரிவுகளில் முளைத்தன. பரகாத்துவின் முறை மிகவும் தாமதமாக வந்தது. 1744இல் ஜோசே ரோட்ரிகேஸ் ஃப்ரோய்ஸ் இங்கே தங்கம் கண்டதாக அரசுக்கு அறிவித்தார். மினாஸின் பெரிய கண்டுபிடிப்புகளில் கடைசி வரிசையில் வந்தது இது.

கண்டது அவர் பெயரில், தோண்டியது ஆப்பிரிக்கர்கள். அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளில் பிரேசிலுக்கு வந்தவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 50 லட்சம் பேர், வேறெந்த நாட்டை விடவும் அதிகம். ஓடையில் இடுப்பளவு நீரில் நின்று மரத்தட்டில் மணலைச் சுழற்றிச் சுழற்றிப் பொன்துகளைப் பிரித்தவர்கள் அவர்கள்தான். அன்றைய வரியைப் பார்த்தால் இந்தப் பொருளாதாரம் எதன் மேல் நின்றது என்பது புரியும். வழக்கமாக அரசருக்குச் சேரவேண்டியது தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பரகாத்துவில் தங்கம் கண்ட சமயத்தில் மினாஸில் இருந்தது தலைவரி. எவ்வளவு தங்கம் எடுத்தாய் என்று கேட்கவில்லை, எத்தனை அடிமைகள் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். தங்கத்தை ஒளிக்கலாம், மனிதர்களை ஒளிப்பது கஷ்டம். அதிகாரிகளின் தர்க்கம் அவ்வளவுதான்.

ஊர் வேகமாக வளர்ந்தது. புனித அந்தோணியாருக்கு ஒரு பெரிய கோவில் எழுந்தது. கறுப்பர்களின் சகோதரத்துவ சங்கம் செபமாலை மாதாவுக்குத் தனியாக ஒரு கோவில் கட்டியது. இன்றும் அது ‘சுதந்திரக் கறுப்பர்களின்’ கோவில் என்றே அழைக்கப்படுகிறது. ஒரு சுரங்க ஊரில் அடிமைத்தனம் உச்சத்தில் இருந்த நாட்களிலேயே, சொந்தமாகக் கோவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு விடுதலை பெற்ற கறுப்பர்களும் இருந்தார்கள் என்று அந்தப் பெயர் சொல்கிறது. சேர்த்த பொன்னைக் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்வது மினாஸின் சுரங்க ஊர்களில் நடக்கக்கூடியதாக இருந்தது.

1798இல் ஊருக்கு நகர அந்தஸ்து கிடைத்தது. பெயரும் ‘இளவரசரின் பரகாத்து’ என்று பெரிதானது. ஆனால் பட்டம் வந்த வேளையில் தங்கம் தீர்ந்துகொண்டிருந்தது. 1819இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒகுஸ்த் த சாந்திலேர் இந்த ஊர் வழியாகப் போனபோது கண்டது சரிவில் இருந்த ஊரைத்தான்.

பணக்காரர்கள் போன பிறகு

பொருளாதார வரலாற்றில் இப்படிப்பட்ட காலங்களுக்குப் பொதுவாக ஒரு வாக்கியம்தான் கிடைக்கும்: ‘பிறகு நகரம் நீண்ட தேக்கத்தில் ஆழ்ந்தது.’ ஏற்றுமதிக் கணக்கில் பார்த்தால் அது சரி. ஆனால் தேங்கியது யார்?

தங்கம் குறைந்ததும் முதலாளிகள் முதலீட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள், அல்லது மாட்டுப் பண்ணைக்கு மாறினார்கள். போக முடியாதவர்கள் தங்கினார்கள். விடுதலையானவர்கள், தப்பி வந்தவர்கள், 1888இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின் எந்த நஷ்டஈடும் இல்லாமல் வெறுங்கையோடு விடப்பட்டவர்கள். ஊரைச் சுற்றியிருந்த நிலத்தில் அவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள். சாவோ டொமிங்கோஸ், மஷாடீன்யோ, அமாரோஸ் ஆகிய மூன்றும் அப்படி வந்த சமூகங்கள். கடைசியதன் பெயர் அமாரோ என்ற முன்னோரில் இருந்து வந்தது.

இவர்கள் என்ன செய்தார்கள்? மரவள்ளி நட்டார்கள், கரும்பு நட்டு வெல்லம் காய்ச்சினார்கள், மாடு வளர்த்தார்கள். கையில் காசு வேண்டும்போது ஓடைக்குப் போய்த் தட்டைச் சுழற்றினார்கள். ஊருக்குள் ஓடும் ஓடையின் பெயரே கோரெகோ ரிகோ, ‘பணக்கார ஓடை’. முதலாளிக்கு லாபம் தராத அளவுத் தங்கம் அதில் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒரு குடும்பம் உப்பும் துணியும் மருந்தும் வாங்க அது போதும். கூலி கொடுத்து ஆள் வைத்தால் கட்டுப்படியாகாத மண், தன் உழைப்புக்குத் தானே கூலி கேட்காதவருக்குக் கட்டுப்படியாகும்.

இந்த இடத்தில் ஒரு சுரங்கத் தொழில் கருத்தைச் சொல்லியாக வேண்டும். கனிமத்துக்கும் வெறும் பாறைக்கும் நடுவில் இயற்கை எந்தக் கோடும் போடவில்லை. ஒரு டன்னில் இவ்வளவுக்கு மேல் இருந்தால் எடுத்து அரை, குறைந்தால் ஒதுக்கு என்று ஒரு எல்லை அளவு வைப்பார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம், ஒரே ஒரு இஃப் கண்டிஷன். அதில் ஒப்பிடப்படும் எண் தங்கத்தின் விலை, டீசல் விலை, மின்சார விலை, எந்திரத்தின் அளவு, கூலி எல்லாவற்றையும் பொறுத்து நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று கல்லாக இருந்தது இன்று தாது. கல்லுக்கு எதுவும் ஆகவில்லை, எண்தான் மாறியது.

இருநூறு வருஷம் அந்த எண் உயரமாக இருந்ததால்தான் மோரோ டோ ஓரோ, அதாவது ‘தங்கக் குன்று’, யாருடைய கண்ணையும் உறுத்தாமல் நின்றது. பக்கத்தில் சாவோ டொமிங்கோஸ் மக்கள் வெல்லமும் பிஸ்கட்டும் செய்து சந்தையில் விற்றார்கள். ஜூன் மாதம் புனித யோவான் திருநாளை ஒட்டி ஆண்கள் முகமூடி போட்டு, பாதிப்பேர் பெண்வேடம் கட்டி, இரவெல்லாம் வீடு வீடாக ஆடிப் போனார்கள். அந்த ஆட்டம் இன்றும் இருக்கிறது. தேக்கம் என்று பொருளாதாரம் சொன்ன காலத்தில்தான் இதெல்லாம் வேர்பிடித்தது.

வேண்டாத மண்

செராடோ என்பது பிரேசிலின் நடுவில் விரிந்திருக்கும் புல்வெளிக் காடு. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். கோணல் மாணலாக வளரும், தடித்த பட்டை கொண்ட மரங்கள், நடுநடுவே பூரிச்சி பனைகள் நிற்கும் ஈரப் பள்ளங்கள். கிமராயிஸ் ரோசா 1956இல் வெளியிட்ட ‘கிராந்தே செர்தாவ்: வெரேடாஸ்’ நாவல் நடப்பது இந்த நிலத்தில்தான். தலைப்பில் வரும் ‘வெரேடாஸ்’ அந்தப் பனைப் பள்ளங்களைக் குறிக்கும் சொல்.

மண் சிவப்பாக, ஆழமாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விவசாயிக்கு ஏமாற்றம். லட்சக்கணக்கான ஆண்டு மழை சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அமிலம், வேரைக் கருக்கும் அலுமினியம், பெயருக்குக் கொஞ்சம் பாஸ்பரஸ். செராடோ நிலம் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள், பரம்பரையாய் வந்தால் வைத்துக்கொள், காசு கொடுத்து வாங்காதே என்ற பொருளில் அங்கே ஒரு சொலவடை இருந்தது. மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று நினைத்தார்கள். அந்த மாட்டிலும் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் உண்டு. பிரேசில் முழுக்க மேயும் வெள்ளைத் திமில் மாட்டுக்கு ‘நெலோரே’ என்று பெயர். ஆந்திரத்து நெல்லூர்தான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மினாஸ் வணிகர்கள் கப்பலேறி இந்தியா வந்து வாங்கிப்போன ஓங்கோல் மாடுகளின் வழிவந்தவை.

முதலில் வந்து எல்லாவற்றையும் மாற்றியது சாலை. பிரசிலியா என்ற புதிய தலைநகரை வெட்டவெளியில் கட்டி 1960 ஏப்ரல் 21 அன்று திறந்தார்கள். பரகாத்துவில் இருந்து சுமார் 220 கிலோமீட்டர். ரியோவையும் பிரசிலியாவையும் இணைத்த நெடுஞ்சாலை ஊர் வழியாகவே போனது. நூற்றைம்பது வருஷம் ஒரு மூலையில் கிடந்த ஊர் திடீரென்று தலைநகரின் பக்கத்து ஊர் ஆகிவிட்டது.

அடுத்து வந்தது ஆராய்ச்சி. 1973இல் எம்பிராபா என்ற அரசு விவசாய ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1975இல் செராடோவுக்கென்றே பிரசிலியா அருகில் தனி மையம். அங்கே கண்ட வழியில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஹெக்டேருக்குச் சில டன் சுண்ணாம்புத் தூள் போட்டு அமிலத்தைத் தணிப்பது, பாஸ்பேட்டைக் கொட்டுவது, வெப்பமண்டலத்தின் பகல் நீளத்துக்கு ஏற்ற சோயா ரகங்களை உருவாக்குவது. காற்றில் இருக்கும் நைட்ரஜனை வேரில் பிடித்துத் தரும் பாக்டீரியாவைச் சோயாவோடு சேர்ப்பதில் யோஹன்னா டோபெரைனர் என்ற விஞ்ஞானியின் உழைப்பு பெரியது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலுக்கு வந்தவர். பிரேசில் விவசாயி சோயாவுக்கு நைட்ரஜன் உரமே ஏறக்குறைய வாங்க வேண்டாம் என்ற நிலைமை இதனால் வந்தது.

மூன்றாவதாக வந்தது ஜப்பான் பணம். 1973இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குச் சில மாதம் தடை போட்டது. சோயாவை அமெரிக்காவிடமே நம்பி வாங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஆடிப்போனது. வேறு கொள்முதல் இடம் வேண்டும் என்று தேடியதில் இரு நாடுகளும் சேர்ந்து செராடோ வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதன் முதல் கட்டக் குடியேற்றங்கள் வந்த மூன்று இடங்களில் பரகாத்துவும் ஒன்று. குடியேறியவர்களில் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களைச் சேர்ந்த விவசாயிகள். இத்தாலிய, ஜெர்மானிய, ஜப்பானிய வம்சாவளியினர் நிறைய. கடன் வாங்கி நிலத்தைத் திருத்தினார்கள். எண்பதுகளின் பணவீக்கத்தில் கடன் கழுத்தை நெரித்துப் பலர் தவித்ததும் உண்டு. தாக்குப்பிடித்தவர்கள் பெருகினார்கள். பாசன எந்திர வட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்று வட்டப் பாசனப் பரப்பில் பிரேசிலின் முன்வரிசை நகராட்சிகளில் பரகாத்துவும், பக்கத்து உனாயீயும், கிரிஸ்டலீனாவும் இருக்கின்றன. சோயா, மக்காச்சோளம், பீன்ஸ், காபி, கரும்பு எல்லாம் விளைகிறது.

நாட்டளவில் இதன் விளைவு பிரமாண்டம். உணவை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு உலகின் முதல் சோயா ஏற்றுமதியாளர் ஆனது. அதில் பாதிக்கு மேல் செராடோவில் விளைவது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறத்தாழ பாதி அழிந்துவிட்டது.

அந்தச் சொலவடையை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். சும்மா கிடைத்த நிலம், பரம்பரையாய் வந்த நிலம். அது யாரிடம் இருந்தது? கறுப்புக் குடும்பங்களிடமும், பத்திரம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத சிறு விவசாயிகளிடமும்தான். நிலத்துக்கு விலை இல்லாதவரை பத்திரம் இல்லாததும் பிரச்சினை இல்லை. விலை வந்த மறுநாள் முதல் கேள்வியே பத்திரம்தான்.

வேண்டாத பாறை

அதே காலத்தில் அந்த இஃப் கண்டிஷனின் எண்ணும் நகர்ந்துவிட்டது. 1971 வரை அவுன்ஸுக்கு 35 டாலர் என்று கட்டிவைத்திருந்த தங்கத்தின் விலை, 1980இல் ஒரு கட்டத்தில் 850 டாலரைத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்குப் போகவே இல்லை. பிரேசில் முழுக்க ஏழைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆறுகளுக்குப் போனார்கள். பரகாத்துவின் பணக்கார ஓடையிலும் கூட்டம். இந்த முறை மரத்தட்டோடு டீசல் பம்பும் பாதரசமும் வந்தன. பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு சூடுபண்ணினால் ஆவியாகித் தங்கத்தை விட்டுவிடும். ஆவியானது ஆளின் நுரையீரலுக்கும் ஓடைக்கும் போகும். ஓடை கெட்டது நிஜம். எண்பதுகள் முடியும் தறுவாயில் அந்தத் தொழிலை அரசு நிறுத்தியது.

அதே நேரத்தில், 1987இல், தங்கக் குன்றில் நவீனச் சுரங்கம் வேலையைத் தொடங்கியது. பிரிட்டிஷ் நிறுவனமான ஆர்டிஇசட் முன்னின்று நடத்தியது. மேலாகக் கிடந்த பாறை மழையில் ஊறிப்போய் மென்மையாக இருந்ததால் வெடி வைக்காமலே கிளறி எடுக்க முடிந்தது. அந்த வசதிதான் இவ்வளவு குறைந்த அளவுத் தங்கத்தைக் கட்டுப்படியாக்கியது. ஆழம் போகப் போகப் பாறை இறுகியது. 2004இன் முடிவில் சுரங்கம் முழுவதும் கனடாவின் கின்ராஸ் நிறுவனத்திடம் வந்தது. அது 2008 வாக்கில் ஆலையைப் பல மடங்கு பெரிதாக்கியது. பதினொரு மீட்டருக்கும் மேல் விட்டம் கொண்ட உருளை எந்திரம், அதாவது நாலு மாடி வீட்டு உயரம், சுழன்று சுழன்று பாறையை உடைக்கிறது. 2018இல் அந்த நிறுவனம் பக்கத்து மாநிலமான கோயாஸில் இரண்டு நீர்மின் நிலையங்களையே விலைக்கு வாங்கியது. பாறையை அரைக்க அவ்வளவு மின்சாரம் வேண்டும்.

இதில் பொறியியல் அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து லட்சம் கிராமுக்குள் அரை கிராம்கூட இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் அல்ல. அரைத்த மாவை நுரையில் மிதக்கவிட்டு, தங்கம் ஒட்டியிருக்கும் கந்தகத் தாதுக்களைத் தனியே பிரித்து, அந்தச் சிறு பகுதியை மட்டும் சயனைடில் கரைக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஓடையில் மிச்சமிருந்த தங்கத்தை ஏழைகள் எடுப்பது சட்டவிரோதமான அதே சில வருஷங்களில், குன்றில் மிச்சமிருந்த தங்கத்தை ஒரு பெருநிறுவனம் எடுப்பது வளர்ச்சி ஆனது. பாதரசம் ஓடையைக் கெடுத்தது என்ற காரணம் பொய் இல்லை. காரணம் நிஜமாக இருந்தும் அதன் பலன் ஒரு பக்கமாகவே போய்ச் சேர்ந்ததுதான் இங்கே விஷயம்.

ஒரே மழை

குழிக்கும் வட்டத்துக்கும் தொடர்பில்லை என்று நினைத்தேன் அல்லவா? இரண்டும் சந்திக்கும் முதல் இடம் தண்ணீர். அரைத்த மாவைக் குழாயில் ஓட்ட, மிதக்கவிட, கரைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தினாலும் மழையை நம்பியே ஆலை ஓடுகிறது. 2017இல் மழை பொய்த்தபோது ஆலையையே சில காலம் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. அதே மழையைத்தான் வட்டங்களும் குடிக்கின்றன. பரகாத்து ஆற்றுப் படுகையின் சில ஓடைகளை மாநில நீர் நிர்வாகம் தண்ணீர்த் தகராறுப் பகுதிகள் என்று அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது.

இரண்டாவது சந்திப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பரகாத்துவில் மோரோ அகூடோ என்று இன்னொரு சுரங்கம் உண்டு. அது துத்தநாகமும் ஈயமும் எடுத்துவந்த நிலத்தடிச் சுரங்கம். அங்கே தாது இருப்பது டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறைக்குள். உலோகத்தை எடுத்த பிறகு மிஞ்சும் மாவு கிட்டத்தட்ட சுண்ணாம்புத் தூள்தான். அதை விவசாயச் சுண்ணாம்பாக விற்றார்கள். சுரங்கத்தின் கழிவு வயலில் உரமாக விழுந்தது. வேண்டாத பாறையின் மிச்சம் வேண்டாத மண்ணைத் திருத்தியது. பரகாத்துவின் இரண்டு பொருளாதாரமும் ஒன்றுக்குள் ஒன்று போகிறது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் தேவையில்லை.

சரி, ஊருக்கு என்ன கிடைக்கிறது? போர்ச்சுகல் அரசர் கேட்டது 20 சதவீதம். கொள்ளை என்று பிரேசில் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் வரி அது. இன்றைய குடியரசு தங்கத்துக்கு வாங்கும் சுரங்க உரிமைத்தொகை விற்பனை வருமானத்தில் 1.5 சதவீதம். 2017 சட்டத்துக்கு முன்னால் அது 1 சதவீதமாகத்தான் இருந்தது. வசூலாவதில் 60 சதவீதம் சுரங்கம் இருக்கும் நகராட்சிக்குப் போகிறது. கச்சாப் பொருள் ஏற்றுமதிக்கு மாநில வரி விலக்கு தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சோயாவும் அதில் அடக்கம். அரசருடையதையும் குடியரசுடையதையும் நேராக ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. இன்று நிறுவன வரி உண்டு, சம்பளம் உண்டு, ஊரில் கடை வியாபாரம் உண்டு. சுரங்க வேலை என்பது பரகாத்துவில் நல்ல வேலை. அப்படியும் அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

மிச்சமிருப்பவர்கள்

1988இல், அடிமைமுறை ஒழிந்து நூறு வருஷம் கழித்து, பிரேசில் புதிய அரசியல் சட்டம் எழுதியது. அதன் இடைக்கால விதிகளில் 68ஆவது, கிலோம்போ சமூகங்கள் வாழும் நிலம் அவர்களுக்கே சொந்தம், அரசு பட்டா தரவேண்டும் என்கிறது. கிலோம்போ என்றால் அடிமைகள் தப்பி வந்து அமைத்த குடியிருப்பு; இன்று விடுதலையானவர்களின் வழிவந்த கறுப்புச் சமூகங்களையும் அந்தச் சொல் தழுவுகிறது. அந்த மக்களைக் குறிக்கச் சட்டம் போட்ட சொல் ‘ரெமனெசென்டெஸ்’. தமிழில் சொன்னால் மிச்சமிருப்பவர்கள்.

2003இல் வந்த ஆணை ஒன்று, தாங்கள் யார் என்று அந்தச் சமூகமே அறிவித்துக்கொள்ளலாம் என்றது. பரகாத்துவின் மூன்று சமூகங்களும் அரசின் பல்மாரெஸ் அறக்கட்டளையிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றன. ஆனால் சான்றிதழ் வேறு, பட்டா வேறு. நடுவில் அளவை, ஆய்வு, ஆட்சேபணை, நீதிமன்றம் என்று வருஷங்கள் போகும். அந்த இடைவெளிக்குள்தான் சுரங்கம் விரிந்தது. வருஷத்துக்கு ஆறு கோடி டன் மாவைக் கொட்ட இடம் வேண்டும். பழைய கழிவணை நிறைந்துகொண்டிருந்தது, புதிய அணைக்கு ஒரு பள்ளத்தாக்கு தேவைப்பட்டது. அந்த இடம் மஷாடீன்யோ சமூகம் தங்கள் முன்னோர் நிலம் என்று கோரிய பகுதியில் விழுந்தது. வழக்குகள் நடந்தன. அணையும் எழுந்தது.

கழிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தங்கம் ஒட்டியிருக்கும் தாதுக்களில் ஒன்று ஆர்செனிக் கொண்டது. பாறைக்குள் பூட்டிக் கிடந்தவரை தொந்தரவில்லை, மாவாக்கினால் தூசியாகவும் நீராகவும் நகரக்கூடும். சுரங்கமோ ஊரின் தலைமாட்டில். ‘செடெம்’ என்ற கூட்டாட்சிக் கனிமத் தொழில்நுட்ப மையம் ஆய்வு செய்து, மக்களுக்கு ஆர்செனிக் சேரும் அளவு குறைவுதான் என்றது. உள்ளூரிலும் வெளியிலும் சில மருத்துவர்களும் நிலவியலாளர்களும் அதை ஏற்கவில்லை. 2015இல் மரியானாவிலும், 2019இல் 270 பேரை விழுங்கிய புரூமாடீன்யோவிலும் இதே மாநிலத்தில் இரும்புத்தாதுக் கழிவணைகள் உடைந்த பிறகு, அணைக்குக் கீழே வசிப்பவர்களிடம் எண்களைக் காட்டி மட்டும் நம்பவைக்க முடியாது.

இந்த ஊரில் 1954இல் ஒரு கொத்தனாரின் எட்டுப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த ஜோவாகிம் பர்போசா பதினாறு வயதில் பிரசிலியாவுக்குப் போனார். 2012இல் பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்புத் தலைவரானார். பரகாத்து தன் பெருமையாகச் சொல்லும் பெயர். அதே ஊரின் கறுப்புக் குடும்பங்கள் அதே ஆண்டுகளில் முன்னோர் நிலத்துக்காக நீதிமன்றப் படிகளில் காத்திருந்தன. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

மோரோ டோ ஓரோவில் இப்போதைய கணக்குப்படி 2030களின் முற்பகுதி வரை தோண்டலாம். விலை ஏறினால் அந்த எண் இன்னும் கொஞ்சம் இறங்கும், ஆயுள் இன்னும் கொஞ்சம் நீளும். எப்படியும் ஒரு நாள் எந்திரம் நிற்கும். 1819இல் போல மறுபடியும் ஒரு ‘தேக்கம்’ வரும். ஆனால் போன முறை பணக்காரர்கள் விட்டுப்போன மிச்சம் தண்ணீர் ஓடும் ஓடையும், கொஞ்சம் பொன்துகளும், மரவள்ளி விளையும் நிலமும். தங்கியவர்கள் அதை வைத்து இருநூறு வருஷம் வாழ்ந்தார்கள். இந்த முறை மிஞ்சப்போவது ஒரு குழியும், நூறு கோடி டன்னுக்கு மேல் அரைத்த மாவும், அதைத் தாங்கி நிற்கும் இரண்டு அணைகளும். அந்த அணைகளை யாராவது காலாகாலத்துக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் நிறுவனங்கள் கிளம்பிவிடும். பார்த்துக்கொள்ளப்போவது யார் என்ற கேள்விக்கு அரசியல் சட்டத்திலேயே ஒரு பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள்: மிச்சமிருப்பவர்கள்.